செமினாரில் மனநோய்: மார்க் எதற்குப் போடுகிறோம்?

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரக் கல்லூரிகளில் உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு மனநலக் கோளாறுகள் பற்றிய தாள் வந்தால், கூடவே குழு செமினாரும் வந்துவிடும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கோளாறை எடுத்துக்கொள்ள வேண்டும், பிபிடி தயாரிக்க வேண்டும், இருபது நிமிடம் வகுப்பின் முன்னால் பேச வேண்டும். அதற்கு இன்டர்னலில் மார்க் உண்டு. அந்த மார்க் நோட்டீஸ் போர்டுக்கு வந்த அன்றுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பத்து நாள் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவருக்கும், கடைசி ஸ்லைடில் நன்றி மட்டும் சொன்னவருக்கும் ஒரே மார்க். எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன குழுவைவிட, நாடகம் போட்டுக் கைதட்டு வாங்கிய குழுவுக்கு இரண்டு மார்க் கூடுதல். "எதை வெச்சுங்க மேடம் போட்டீங்க?" என்று கேட்டால், பல நேரம் ஆசிரியரிடமே தெளிவான பதில் இருப்பதில்லை.

இந்தக் குழப்பத்துக்குள் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கோளாறைப் புரிந்துகொண்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது ஒன்று. குழுவாகச் செய்த வேலையில் தனி ஆளின் பங்கை எப்படி அளப்பது என்பது இன்னொன்று. மூன்றாவது இந்தப் பாடத்துக்கே உரியது. இங்கே பேசப்படுவது தவளையின் உடற்கூறு இல்லை. பக்கத்து வீட்டிலோ, பக்கத்து பெஞ்சிலோ இருக்கிற ஒருவரின் கஷ்டம். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் மார்க்குக்கு ஒரு கணக்கு கிடைக்கும்.

## கோளாறு என்று எதைச் சொல்கிறோம்

மனநலக் கோளாறுகளை வகைப்படுத்த இன்று இரண்டு நூல்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம். அதன் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. உரை திருத்திய பதிப்பு 2022இல் வந்தது. மற்றொன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. அதன் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டிலும் அறிகுறிப் பட்டியல் மட்டுமே நோய் ஆகிவிடாது. நான்கு விஷயங்கள் சேர்ந்து நிற்க வேண்டும்.

1. அறிகுறிகள்: எவை, எத்தனை.
2. கால அளவு: எவ்வளவு நாளாக.
3. பாதிப்பு: வேலை, படிப்பு, உறவு, அன்றாடக் காரியங்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன, அவர் எவ்வளவு வேதனைப்படுகிறார்.
4. விலக்கல்: உடல் நோய், மருந்து, மது, வேறொரு கோளாறு ஆகியவை காரணமில்லை என்று பார்த்தாயிற்றா.

மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம். டிஎஸ்எம் கணக்கில் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். அந்த ஐந்தில், சோர்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டம் இல்லாமை, இரண்டில் ஒன்று கட்டாயம். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு என்று சொல்ல ஆறு மாதத் தொடர்ச்சி வேண்டும். இருமுனைக் கோளாறில் வரும் மேனியா என்ற மிகை எழுச்சி நிலைக்கு ஒரு வாரம். நீடித்த மனச்சோர்வுக்கு இரண்டு வருடம். இந்த எண்கள் மனப்பாடத்துக்காகச் சொல்லப்பட்டவை இல்லை. வாழ்க்கையில் எல்லாருக்கும் வரும் துக்கம், பயம், பதற்றம் ஆகியவற்றுக்கும் நோய்க்கும் நடுவே இழுத்த கோடு அது.

"இன்னிக்கு ஒரே டிப்ரஷனா இருக்கு" என்று சொல்கிற வழக்கம் கேன்டீன் வரை வந்துவிட்டது. செமினார் எடுக்கும் குழு அந்தக் கோட்டை வகுப்புக்குக் காட்டிக் கொடுக்கிறதா? மார்க்கின் அஸ்திவாரம் இந்தக் கேள்விதான்.

## அளப்பது என்றால் என்ன

மதிப்பீட்டில் இரண்டு சொற்கள் முக்கியம். ஏற்புடைமை என்றால், எதை அளக்க நினைத்தோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பது. நம்பகத்தன்மை என்றால், வேறொரு ஆசிரியர் போட்டாலும், இதே ஆசிரியர் வேறொரு நாளில் போட்டாலும் ஏறக்குறைய அதே மார்க் வருமா என்பது.

முதலில் நம்பகத்தன்மை. இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்பதைக் காப்பா என்ற எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் முழு ஒற்றுமை; 0 என்றால் குருட்டாம்போக்கில் ஒத்துப்போவதற்கு மேல் ஒன்றுமில்லை. டிஎஸ்எம்-5 வருவதற்கு முன் நடந்த களச் சோதனைகளில், பயிற்சி பெற்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே நபரைத் தனித்தனியே பார்த்தபோது, அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறுக்கு இந்த எண் 0.67 வந்தது. மனச்சிதைவுக்கு 0.46. மனச்சோர்வு நோய்க்கு வெறும் 0.28. நோயைக் கண்டறியவே இவ்வளவு கருத்து வேறுபாடு உண்டு என்றால், அந்த நோயைப் பற்றிய இருபது நிமிடப் பேச்சுக்கு ஒரே ஆசிரியர் மனக்கணக்கில் போடும் மார்க் எவ்வளவு ஆடும் என்று யோசித்துப் பாருங்கள். காலை முதல் பீரியடில் பேசிய குழுவுக்கு ஒரு கை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிய குழுவுக்கு ஒரு கை என்று மாறிப்போவது இப்படித்தான்.

இதற்கு வழி உண்டு. எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பீட்டு அட்டவணை ஒன்று வேண்டும். ரூப்ரிக் என்று கல்லூரிகளில் சொல்வது இதைத்தான். அதைச் செமினாருக்கு முன்பே மாணவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு குழுக்களுக்கு இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மார்க் போட்டு, எங்கே வேறுபட்டது என்று பேசிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஏற்புடைமைதான் கடினம். 1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகளிடம் தங்களுக்குக் கீழ் இருந்தவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் எல்லாவற்றிலும் உயர்ந்தே இருந்தார். ஒரு நல்ல குணத்தின் வெளிச்சம் மற்றதன் மேலெல்லாம் விழுந்துவிடுகிறது. இதை ஒளிவட்ட விளைவு என்பார்கள். செமினாரில் அந்த ஒளிவட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்துதான் வருகிறது.

## இங்கிலீஷ் மார்க்கா, உளவியல் மார்க்கா

கொங்கு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. உடுமலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும், சோமனூர் விசைத்தறி வீட்டிலிருந்தும், திருப்பூர் பனியன் கம்பெனி குவார்ட்டர்ஸிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் ஒரு பக்கம். நாமக்கல், கோவை வட்டார ஆங்கில வழிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஒரே குழுவில் இரண்டு வகையும் இருப்பார்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், தமிழ் வழியில் படித்தவர் விஷயத்தைத் தேடி எடுப்பார், ஆங்கில வழிப் பிள்ளை அதைப் பேசுவார். மார்க் பேச்சுக்குப் போகும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். மனச்சிதைவு எடுத்த குழு. நாலாவதாக வந்த பெண் இரண்டு வரையறைகளை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லி முடிக்கிறாள். ஆசிரியை குறுக்கிடுகிறார்.

"டிலூஷனுக்கும் ஹலூசினேஷனுக்கும் என்ன கண்ணு வித்தியாசம்? ஸ்லைடைப் பார்க்காம சொல்லு. இங்கிலீஷ் வேண்டாம், வீட்ல சொல்ற மாதிரியே சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள்:

"யாருமே பேசாதப்ப காதுல பேச்சு கேக்குதுன்னா அது ஹலூசினேஷனுங்க மேடம். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நெசமாவே நின்னு பேசிட்டிருக்காங்க, ஆனா 'என்னைய முடிக்கத்தான் பேசிக்கிறாங்க'ன்னு நம்பறது டிலூஷனுங்க. யார் எடுத்துச் சொன்னாலும் அந்த நம்பிக்கை மாறாதுங்க."

முன்னால் ஓடிய பன்னிரண்டு ஸ்லைடுகளில் இல்லாதது இந்தப் பதிலில் இருக்கிறது. புலனில் வரும் பிசகு எது, நம்பிக்கையில் வரும் பிசகு எது என்று அவள் தன் ஊர்க் காட்சி ஒன்றை வைத்தே பிரித்துவிட்டாள். மதிப்பீட்டு அட்டவணை இந்தப் பதிலுக்கு மார்க் தரவில்லை என்றால், அட்டவணையில்தான் கோளாறு. ஆகவே மொழி நடைக்கு மார்க் உண்டு என்றால் அது தெளிவுக்கு மட்டும் இருக்கட்டும், உச்சரிப்புக்கு வேண்டாம். பாடத்திட்டம் ஆங்கில வழி என்றாலும், கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல அனுமதி இருந்தால் போதும், நிலைமை வெகுவாக மாறும். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் ஆலோசகர்களாகப் போனால், எதிரே உட்கார்ந்திருப்பவர் "மனசே செரியில்லீங்க, நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றுதான் சொல்வார். தமிழில் பேசத் தெரிவது இந்தத் தொழிலில் முதல் தேவை.

## உள்ளடக்கத்தில் எதைப் பார்ப்பது

அட்டவணையில் அதிக எடை உள்ளடக்கத்துக்கு இருக்க வேண்டும். அதிலும் கீழ்க்கண்டவற்றைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

1. இன்றைய தகவலா. பழைய நோட்ஸிலிருந்து எடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். மனச்சிதைவை ஐந்து உள்வகைகளாகப் பிரிப்பதும், நோயறிதலை ஐந்து அச்சுகளில், அதாவது ஐந்து தனித் தலைப்புகளின் கீழ், எழுதுவதும் டிஎஸ்எம்-5 வந்தபோதே போய்விட்டன. ஓசிடி என்ற எண்ணச் சுழற்சிக் கோளாறு பதற்றக் கோளாறுகளின் வீட்டிலிருந்து தனி வீட்டுக்குப் போய்விட்டது. ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயர் ஆட்டிச நிறமாலைக்குள் சேர்ந்துவிட்டது. இவற்றைப் பழையபடியே சொல்லும் குழு நூலைத் திறக்கவில்லை என்று பொருள்.

2. வேறுபடுத்திக் காட்டுகிறார்களா. மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்ற எண்ணம் சினிமா வழியாக ஆழமாக வேரூன்றிவிட்டது. அது வேறு கோளாறு. இந்தத் தப்பெண்ணத்தைத் தாங்களாகவே எடுத்து உடைக்கும் குழுவுக்கு நல்ல மார்க் தரலாம்.

3. காரணத்தை ஒற்றையாகச் சொல்கிறார்களா. "மூளையில் ரசாயனம் குறைந்தது" என்று நிறுத்துவதும் தப்பு, "வளர்ப்பு சரியில்லை" என்று நிறுத்துவதும் தப்பு. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரியை ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977இல் முன்வைத்தார். அதைப் பெயருக்குச் சொல்லாமல், தாங்கள் எடுத்த கோளாறில் பொருத்திக் காட்ட வேண்டும்.

4. சிகிச்சையைச் சரியாகச் சொல்கிறார்களா. "எல்லாமே தூக்க மாத்திரைதான்" என்ற பேச்சு ஊரில் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதும், இருமுனைக் கோளாறுக்காக லித்தியம் என்ற மருந்து எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை தொடர்ந்து வேண்டும் என்பதும் வகுப்பில் சொல்லப்பட வேண்டியவை. கரண்ட் ஷாக் என்று சொல்லப்படும் மின்னதிர்வுச் சிகிச்சையைச் சித்திரவதைபோல் காட்டும் படங்கள் ஸ்லைடில் வந்தால் மார்க் குறைக்கத்தான் வேண்டும். இன்று அது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் செய்யப்படுகிறது. அவை இல்லாமல் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அதே சட்டம்தான் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைப் படிக்கிற எந்தக் குழுவும் இதைத் தெரியாமல் செமினாரை முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணையில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். 'வேறுபடுத்தல்' என்ற வரிக்கு ஐந்து மார்க் என்று வைத்துக்கொள்வோம். அறிகுறிகளை மட்டும் அடுக்கினால் ஒன்று. கால அளவும் பாதிப்பும் சேர்த்தால் இரண்டு. ஒத்த தோற்றமுள்ள இன்னொரு கோளாறோடு ஒப்பிட்டால் மூன்று. உடல் காரணங்களையும் விலக்கிக் காட்டினால் நான்கு. புதிதாகக் கொடுத்த ஒரு நபர் விவரத்தில் இதையெல்லாம் பொருத்திக் காரணத்தோடு சொன்னால் ஐந்து. 'மிக நன்று, நன்று, சுமார்' என்று மட்டும் எழுதிய அட்டவணை, அட்டவணையே இல்லாததற்குச் சமம்.

புதிய நபர் விவரம் என்றது இதுபோன்று: ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் 22 வயதுப் பெண். மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் கவனம் நிற்கவில்லை. மனச்சோர்வா? உடனே 'ஆமாம்' என்கிற குழு பாடத்தைப் பிடிக்கவில்லை. ஷிஃப்ட் மாறினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பசியும் கவனமும் கெடும். ரத்தசோகை உண்டா, தைராய்டு பார்த்தார்களா? நாட்டமின்மை அல்லது சோர்ந்த மனநிலை இருக்கிறதா? அது தெரியாமல் சொல்ல முடியாது. "இன்னும் இது இது தெரியணும்" என்று சொல்லும் குழுவுக்கே முழு மார்க். இணையத்திலிருந்தும் செயற்கை நுண்ணறிவிலிருந்தும் ஸ்லைடு எடுத்து வந்தார்களா என்று துப்பறியத் தேவையே இல்லை; இப்படி ஒரு கேள்வி போதும்.

## சாமி வருவது நோயா

இந்த ஊர்க் குழுக்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. தன்னுணர்வும் நினைவும் பிரிந்துபோகும் விலகல் கோளாறுகள் பற்றிப் பேசும்போது, திருவிழாவில் சாமியாடும் படத்தைப் போட்டு, "இதெல்லாம் மனநோய், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். வகுப்பு கைதட்டும். ஆனால் அது தவறு.

ஐசிடி-11இல் ஆவேச நிலைக் கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக, அதற்குரிய இடத்தில், அதற்குரிய நேரத்தில் வருவதை அந்த நூல் கோளாறாகக் கொள்வதில்லை. டிஎஸ்எம்-5 தரும் பொது வரையறையும், பண்பாடு எதிர்பார்க்கும், ஏற்கும் எதிர்வினைகளை நோய்க்கு வெளியேதான் வைக்கிறது. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்கித் தீ மிதிக்கிறவருக்கும், கோயில் கொட்டுச் சத்தத்தில் அருள் வந்து ஆடிவிட்டு மறுநாள் காலையில் பால் கறக்கப் போகிற அம்மாவுக்கும் நோய் என்று பெயர் வைக்க அந்த நூல்களே இடம் தரவில்லை. அதே அம்மாவுக்குக் கோயிலுக்கு வெளியே, அவர் விருப்பமில்லாமல், திரும்பத் திரும்ப வந்து, குடும்பமும் வேலையும் கெட்டுப் போகிறது என்றால் கதை வேறு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "நம்ம பாரம்பரியத்தை நோய்னு சொல்லக் கூடாது" என்று சொல்லி, காத்து கருப்பு, செய்வினை என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் மாதக்கணக்கில் சிகிச்சை தள்ளிப் போவதைப் பேசாமல் விட்டுவிடுவது. இரண்டுக்கும் நடுவே நின்று, எது கோட்டுக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று காரணத்தோடு பிரிக்கும் குழுவிடம் பாடம் உள்ளே இறங்கியிருக்கிறது. கொங்கு நாட்டு வகுப்பில் இதைவிட நல்ல சோதனைக் கேள்வி எனக்குத் தெரியவில்லை.

## கயிறு இழுப்பவர்களில் யார் இழுத்தார்

குழு மார்க்கின் சிக்கலை முதலில் எண்ணில் காட்டியவர் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். கயிறு இழுக்கும் சோதனையில், ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைவதை அவர் கண்டார். 1913இல் அது அச்சில் வந்தது. 1979இல் லாட்டனே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தபோதும் அதேதான் நடந்தது. இதற்குச் சமூகச் சோம்பல் என்று பெயர். அவரவர் பங்கு தனியே தெரியும் என்று சொல்லிவிட்டால் இந்தச் சோம்பல் குறைந்துவிடுகிறது என்பதையும் அடுத்து வந்த ஆய்வு காட்டியது. ஆக, சும்மா இருப்பவரைத் திட்டிப் பயனில்லை. பங்கு தெரியும்படி ஏற்பாடு செய்தால் போதும்.

அதற்கு இரண்டு வழிகள்.

முதலாவது, சீட்டுக் குலுக்கல். பேசி முடித்த பின், குழுவில் யார் வேண்டுமானாலும் எந்தப் பகுதிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று முன்பே அறிவித்துவிட்டு, பெயர்ச் சீட்டை எடுப்பது. சிகிச்சை பற்றிப் பேசியவரிடம் காரணம் பற்றிக் கேட்பது. பேச்சைப் பிரித்துக்கொண்டாலும் படிப்பைப் பிரித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, சக மதிப்பீடு. ஒவ்வொருவரும் மற்றவர்களின் பங்குக்கு ரகசியமாகப் புள்ளி போடுவார்கள். சராசரியை 1 என்று வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு விகிதம் வரும். ஐந்து பேருக்கு 1.125, 1.125, 1, 1, 0.75 என்று வந்ததாகக் கொள்வோம். குழு மார்க் 20க்கு 16. அப்படியே பெருக்கினால் கடைசி ஆளுக்கு 12தான். இது கடுமை. பாதி மார்க்கை அப்படியே விட்டு, மீதிப் பாதியை மட்டும் விகிதத்தால் பெருக்கினால் 17, 17, 16, 16, 14 என்று வரும். வித்தியாசம் தெரிகிறது, யாரும் நசுங்கவும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சக மதிப்பீட்டில் ஹாஸ்டல் கூட்டு, ஊர்க் கூட்டு, சாதிக் கூட்டு எல்லாம் புகுந்துவிடும். ஒருவருக்கு மட்டும் நால்வரும் சேர்ந்து குறைத்துப் போட்டிருந்தால், அந்த எண்ணை அப்படியே ஏற்றிவிடாமல் ஆசிரியர் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஒதுக்கப்பட்டவருக்கு வேலையே கொடுக்காமல் விட்டிருப்பார்கள் என்பதும் நடக்கக்கூடியதே.

## நாடகம் போட்டால்

பல குழுக்கள் குறுநாடகம் போடுவார்கள். பைத்தியக்காரராக நடிப்பவர் தலையைக் கலைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே வருவார். வகுப்பே சிரிக்கும். ஈடுபாடு என்ற வரியில் முழு மார்க் விழும்.

இது சரியில்லை. குரல் கேட்பது போன்ற அனுபவத்தை ஒலிப்பதிவாகக் கேட்க வைத்து நடந்த ஆய்வுகள் சிலவற்றில்கூட, கேட்டவர்களுக்கு இரக்கம் கூடியது. ஆனால் அப்படிப்பட்டவரிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே கூடியது. கவனமாகச் செய்ததற்கே இப்படி என்றால், சிரிப்புக்காகப் போட்ட வேஷம் என்ன விதைக்கும்? நாடகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் முதல்முறை போகும் குடும்பம் என்ன பேசிக்கொள்ளும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் எப்படித் தவிப்பார்கள், இப்படி நோயைச் சுற்றி இருக்கும் வாழ்க்கையை நடித்துக் காட்டலாம். அதற்கு மார்க் தாராளமாகத் தரலாம்.

சொற்களும் இதில் சேரும். 'லூசு', 'கிறுக்கு', 'மெண்டல்' வந்தால் குறைப்பு என்று அட்டவணையிலேயே எழுதிவிடலாம். "அவன் ஒரு மனச்சிதைவு" என்பதற்கும் "மனச்சிதைவு உள்ளவர்" என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. தற்கொலை பற்றிப் பேச வேண்டிய இடத்தில், எப்படி, எதைக் கொண்டு என்ற விவரம் ஒரு வரிகூட வரக் கூடாது. உதவி எங்கே கிடைக்கும் என்பது கட்டாயம் வர வேண்டும்.

## பெயர் சொல்லாமலே அடையாளம் காட்டுவது

"நிஜ கேஸ் ஒன்று சொல்லுங்கள்" என்று ஆசிரியர் கேட்பதுண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் என்ன வருகிறது பாருங்கள்: "பல்லடம் பக்கம் ஒரு ஊருங்க மேடம். தறி ஓட்டறவரு. ரெண்டு பொண்ணுங்க. மூத்தது கோயமுத்தூர்ல நர்சிங் படிக்குது." பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் மூன்று பேர் அந்த வகுப்பில் இருந்தால், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நம் ஊர்களில் ஒரு தோட்டத்தின் பெயரும் இரண்டு உறவு முறையும் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மனநோயுள்ளவருக்குத் தன் நோய் விவரம் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 2017 சட்டம் தருகிறது. மாணவர்கள் மருத்துவர்கள் இல்லை என்றாலும், நாளைக்கு அந்த உரிமையைக் காக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஊர், தொழில், வயது, குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார்களா என்பதற்கு அட்டவணையில் ஒரு வரி ஒதுக்கலாம்.

## அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பெரும்பாலானோர் சிகிச்சைக்கே வராதவர்கள். இதை அப்படியே ஒரு கல்லூரி வகுப்பில் பெருக்கிவிட முடியாது. ஆனாலும் அறுபது பேர் இருக்கும் அறையில் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று நினைத்துச் செமினார் நடத்தக் கூடாது. தனக்கு இல்லாவிட்டாலும், வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அத்தைக்கோ இருக்கலாம். பாடம் படிக்கும்போது எல்லா அறிகுறியும் தனக்கே இருப்பதாகத் தோன்றுவதும் மாணவர்களிடம் சகஜம். அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இதனால் நடைமுறையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. செமினார் நாட்களில் அந்த எண் போர்டின் மூலையில் எழுதி இருக்கட்டும். யாராவது பேச்சின் நடுவே தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால், அதற்கு மார்க் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் தனியாக அழைத்துப் பேச வேண்டும்.

அப்புறம் தலைப்பு ஒதுக்குவது. குலுக்கலில் வந்த தலைப்பைக் காரணம் சொல்லாமலே மாற்றிக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் தரலாம். மாற்றிக்கொண்டதற்காக மார்க் குறையாது என்று அட்டவணையின் கடைசி வரியில் எழுதிவிட வேண்டும். ஏன் மாற்றுகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது, ஆசிரியரும்.